தெற்குக் கோபுரச் சுதை உருவங்களை எங்கே நின்று, எப்போது பார்ப்பது?

பென்சில்சீவி:
வைகாசியில் ஓவிய வகுப்புப் பிள்ளைகளை மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரம் பார்க்கக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. சித்திரை வீதியில் கோபுரத்தடியில் நின்று அண்ணாந்தால் மேல்நிலை உருவங்கள் எல்லாம் குள்ளமாகத் தெரிகின்றன. தள்ளிப் போனால் ஒரே வண்ணக் கும்பல். பிள்ளைகளும் அரை நிமிடத்தில் "பாத்தாச்சு சார்" என்று சொல்லிவிடும். எங்கே நிறுத்தலாம், எந்த நேரம் தோது, என்ன செய்யச் சொல்லலாம்?

கல்தூண்:
சார், குள்ளமாகத் தெரிவது கிட்டே நிற்பதால்தான். பார்க்க வேண்டிய நிலை எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் தள்ளி நில்லுங்கள். அப்போது பார்வை 45 டிகிரியில் ஏறும், நேராக நிற்கும் உருவத்தின் உயரம் அங்கிருந்துதான் கண்ணுக்கு அதிகபட்சமாகத் தெரியும். அந்தத் தூரத்தில் பாதிக்கு வந்தாலும் சரி, இரண்டு மடங்கு தள்ளிப் போனாலும் சரி, தெரியும் உயரம் ஐந்தில் ஒரு பங்கு குறையும். இரண்டு இடத்திலும் உயரம் ஒன்றுதான். ஆனால் இரண்டு மடங்கு தள்ளி நிற்பதோடு ஒப்பிட்டால், பாதித் தூரத்தில் அகலம் மட்டும் இரட்டிப்பாகிவிடும், அந்தக் குள்ளம் அங்கேதான் வருகிறது. போதாததற்குக் கீழ்நிலையின் கபோதம் (வளைந்த கூரை விளிம்பு) நீட்டிக்கொண்டு உருவங்களின் காலை மறைக்கும்.

அதனால் சந்தேகம் வந்தால் பின்னாலேயே போங்கள். கழுத்துக்கும் நல்லது. முன்பக்கம் சாய்த்துச் செய்த உருவமென்றால் மட்டும் இன்னும் கொஞ்சம் கிட்டே நிற்கலாம்.

ஒன்பது நிலைக்கும் ஒரே இடத்தில் நின்று பார்க்க நினைக்காதீர்கள், ஒவ்வொரு நிலைக்கும் தூரம் வேறு. அளக்க டேப் வேண்டாம். ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் 45 டிகிரி மூலைமட்டத்தின் ஒரு சிறு பக்கத்தைத் தரைக்கு மட்டமாகப் பிடித்து, சாய்ந்த விளிம்பு வழியே பார்க்கச் சொல்லுங்கள். விளிம்பு எந்த நிலையில் முட்டுகிறதோ அந்த நிலைக்குரிய இடம் அதுதான்.

கீழமாசி:
கணக்கு சரிதாண்ணே, ஆனா வைகாசி என்கிறாரே, அதைக் கவனிக்கலையா?

மதுரை கிட்டத்தட்ட 10 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரை பிறந்த இரண்டு மூன்று நாளிலிருந்து ஆவணி இரண்டாம் வாரம் வரைக்கும் சூரியன் காலையிலிருந்து சாயங்காலம் வரை வடக்குப் பக்கமாகவே போகும். தெற்குக் கோபுரத்தின் வெளிமுகத்தில் அத்தனை நாளும் நேர்வெயில் விழாது. வானத்து வெளிச்சம் மட்டும் எல்லாப் பக்கமும் சமமாகப் படியும்போது நிழலே இருக்காது. நிழல் இல்லாவிட்டால் புடைப்பு தெரியாது, பெயின்ட் மட்டும்தான் தெரியும். நீங்கள் சொல்லும் வண்ணக் கும்பலுக்குப் பாதிக் காரணம் இது.

அதனால் வைகாசியில் உள்ளே போங்கள். பொற்றாமரைக் குளத்தின் வடகரையில் நின்றால் அதே கோபுரத்தின் உள்முகம் எதிரே நிற்கும், தூரமும் போதுமானது. காலை எட்டிலிருந்து ஒன்பதரைக்குள் வெயில் கிழக்கு-வடகிழக்கிலிருந்து முகத்தை உரசிக்கொண்டு வரும், ஒவ்வொரு கையும் பக்கத்து உடம்பின் மேல் நிழல் போடும். சாயங்காலம் நாலரைக்கு மேல் இதே வெயில் மேற்கிலிருந்து. உச்சிவேளை உதவாது: வெயில் செங்குத்தாக இறங்கிக் கபோத நிழலில் முகங்களே காணாமல் போகும், எப்படியும் அந்நேரம் நடை சாத்தியிருக்கும்.

மார்கழி, தையில் கதை தலைகீழ். வெளிமுகத்தில் நாள் முழுக்க வெயில், குளக்கரையிலிருந்து பார்த்தால் கண் கூசும்.

உள்ளே செல்போன் கிடையாது என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். என்னைக் கேட்டால் அது லாபம்தான்.

கரித்துண்டு:
அரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது என்றீர்களே, அதற்குப் பிள்ளைகளைக் குறைசொல்ல முடியாது. கண்ணில் கூர்மையாகத் தெரியும் பகுதி சுமார் 2 டிகிரிதான், கை நீட்டிப் பிடித்த கட்டைவிரலின் அகலம். 150 அடி உயரத்தில் இருக்கும் ஐந்தடி உருவம் 150 அடி தள்ளி நின்றால் அதில் பாதிதான் வரும். கோபுரத்தில் உருவங்கள் 1,500-க்கு மேல். கண் விநாடிக்கு மூன்று நான்கு முறை தாவினாலும், வேலை கொடுக்காவிட்டால் முகங்களையும் பளிச்சென்ற நிறத்தையும் மட்டும் தொட்டுவிட்டு "முடிந்தது" என்று சொல்லிவிடும்.

கண் அசைவை ஆராய்ந்த ரஷ்ய விஞ்ஞானி யார்பஸ் இதைப் பதிவுசெய்தே காட்டினார் (அவர் புத்தகம் ஆங்கிலத்தில் 1967-ல் வந்தது). ரேபின் வரைந்த ஓர் ஓவியத்தை ஒரே ஆளிடம் கொடுத்து, கேள்வியை மட்டும் மாற்றினார். ஓவியத்தில் இருப்பவர்களின் வயதைக் கேட்டபோது கண் முகங்களுக்குப் போனது, வசதியைக் கேட்டபோது உடைக்கும் சாமான்களுக்கும் போனது.

எனவே "நல்லா பாருங்க" என்று சொல்லாதீர்கள், கேள்வி கொடுங்கள். ஒரு நிலையை மட்டும் எடுத்து, நடுவாசலின் இருபக்கத் துவாரபாலகர்களில் எந்தக் கால் மடங்கியிருக்கிறது, கை எத்தனை, இடமும் வலமும் கண்ணாடிப் பிம்பம்போல் இருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு கோபுரத்துக்கு முதுகைக் காட்டி நின்று நினைவிலிருந்து வரையட்டும். திரும்பிப் பார்த்துத் திருத்தட்டும். இரண்டாம் தடவை பார்க்கும்போதுதான் கண் உண்மையில் வேலை செய்யும்.

இன்னொன்று: கண்ணை இடுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். நுணுக்கம் மங்கி, வெளிச்சம் இருட்டு என்ற பெரிய பிரிவுகள் மட்டும் நிற்கும். அழுத்தமான பச்சையும் சிவப்பும் ஒரே சாம்பலாகிவிடுவதை அப்போது பார்க்கலாம்.

பென்சில்சீவி:
அருமை. பைனாகுலர் கொண்டுபோனால் இந்தத் தூரக் கணக்கெல்லாம் தேவையா?

கல்தூண்:
தேவைதான். பைனாகுலர் பெரிதாக்குமே தவிர கோணத்தை மாற்றாது, அடியில் நின்று பார்த்தால் குள்ளம் பெரிய குள்ளமாகத் தெரியும். 8 மடங்கு போதும், 10 என்றால் கை நடுக்கம் தெரியும்.

முதலில் வெறுங்கண்ணால் பார்க்கட்டும். 210 அடி தொலைவில், அதாவது நான் சொன்ன 45 டிகிரி இடத்திலிருந்து மேல்நிலை வரைக்கும் உள்ள சாய்வுத் தூரத்தில், முக்கால் அங்குலத்துக்குக் குறைந்த நுணுக்கம் நல்ல கண்ணுக்கும் பிரிந்து தெரியாது. சுதை முகங்களில் விழியைப் பிதுக்கி, புருவத்தைத் தடிப்பாக வைத்திருப்பது ஏன் என்று அதன்பிறகு பைனாகுலரில் பார்த்தால் பிள்ளைகளுக்கே விளங்கும். உள்ளே விடுவார்களா என்று வாசல் சோதனையில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.