சிறுசேரியில் வேலை, வீடு எங்கே பார்க்கலாம்?

வணக்கம். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் மதுரையிலிருந்து சென்னைக்குக் குடிவருகிறோம். எனக்கு வேலை சிறுசேரி சிப்காட்டில், மனைவிக்குக் கிண்டியில். மகள் ஆறாம் வகுப்பு. அம்மாவும் கூட வருகிறார்.

அம்மாவுக்கு மூட்டுவலி, மாடி ஏற முடியாது. தரைத்தளம்தான் வேண்டும். பயமே அதில்தான். 2015 டிசம்பரில் வேளச்சேரியும் முடிச்சூரும் மிதந்ததை டிவியில் பார்த்தவர்கள் நாங்கள். லிஃப்ட் உள்ள அபார்ட்மென்ட் என்றால் மெயின்டனன்ஸ் தனி, பெருமழையில் கரண்ட் போனால் அம்மா மேலேயே மாட்டிக்கொள்வார்.

மனதில் இருப்பவை கிழக்குத் தாம்பரமும் மேடவாக்கமும். தாம்பரம் என்றால் மனைவி மின்சார ரயிலில் நேராகக் கிண்டியில் இறங்கிவிடலாம். நான்தான் கேளம்பாக்கம் வழியாகச் சுற்ற வேண்டும். மேடவாக்கம் இருவருக்கும் நடுவில், ஆனால் பள்ளிக்கரணை சதுப்புநிலம் பக்கத்திலேயே இருக்கிறது. புரோக்கரோ, எந்தத் தெருவைக் காட்டினாலும் "இங்க தண்ணியே நிக்காது சார்" என்கிறார்.

அங்கே குடியிருப்பவர்கள் சொல்லுங்கள்: 2023 மிக்ஜாம் புயலில் உங்கள் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது, வடிய எத்தனை நாள் ஆனது? கோடையில் லாரித் தண்ணீர்தானா? காலையில் மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகும் சாலை எப்படி? வாடகை 20,000 ரூபாய்க்குள் பார்க்கிறோம். தெருப் பெயரோடு சொன்னால் பெரிய உதவி. அப்புறம், பக்கத்தில் நல்ல ஸ்டேட் போர்டு பள்ளி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.