'முன்னவர் அடக்கவிலை' போதுமா?

தக்கலை, ஆவண எழுத்தர்:

அன்புள்ள நண்பர்களே,

மூலதன ஆதாய வரிக் கலைச்சொல் பட்டியலில் 'முன்னவர் அடக்கவிலை' (சொத்தை முன்பு வைத்திருந்தவர் அதை அடைய ஆன விலை) என்று போட்டிருக்கிறீர்கள். தாத்தா வாங்கிய மனை பேரனுக்கு வருகிறது. மணமுறிவு பேசி முடித்து அவர் அதை மனைவி பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதுகிறார். மனைவிக்கு 'முன்னவர்' யார்? படிக்கிறவர் கணவர் என்றுதான் எடுத்துக்கொள்வார். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 49(1) பிரிவு அப்படிச் சொல்லவில்லை. வாரிசாகவோ தானமாகவோ அல்லாமல் வேறு வழியில் சொத்தை அடைந்த கடைசி ஆள் வரை பின்னோக்கிப் போகச் சொல்கிறது. இங்கே அது தாத்தா. 'வழிவந்த அடக்கவிலை' என்றால் இந்தக் குழப்பம் வராது.

நாகர்கோவில், ஆடிட்டர்:

அண்ணாச்சி சொல்வது சரி. இந்தச் சொல் பிசகினால் வரியே பிசகும். மார்த்தாண்டத்தில் 10 செண்ட், தாத்தா வாங்கியது 1980இல், செட்டில்மெண்ட் 2019இல், மனைவி விற்பது 2025-26இல் 40 லட்சத்துக்கு என்று வைத்துக்கொள்வோம். 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கியதால் அந்நாளின் மதிப்பையே அடக்கவிலையாக எடுக்கலாம்; அது 3 லட்சம். ஆதாயம் 37 லட்சம், 12.5 விழுக்காட்டில் வரி 4,62,500. பணவீக்கக் குறியீடு 376 (2001இல் 100) போட்டால் அடக்கம் 11.28 லட்சம் ஆகும். ஆனால் அந்த வழியில் விகிதம் 20 விழுக்காடு, வரி 5,74,400. முதல் கணக்கே லாபம். வரிமேல் வரியான செஸ் தனி. 2019இன் வழிகாட்டி மதிப்பு (பதிவுக்கு அரசு வைத்த மதிப்பு) 25 லட்சத்தை அடக்கவிலையாகக் காட்டினால் வரி 1,87,500 என்று வரும். பின்னாலேயே நோட்டீஸும் வரும்.

2001 மதிப்பை மதிப்பீட்டாளரிடம் எழுதி வாங்கலாம். அன்றைய வழிகாட்டி மதிப்பு கிடைக்குமானால் அதைத் தாண்டக்கூடாது. மூலப்பத்திரமும் வேண்டும். நம் குமரி மாவட்டத்தில் 1956க்கு முந்தியது பெரும்பாலும் மலையாளத்தில், கொல்லம் ஆண்டில் இருக்கும். ஆங்கில ஆண்டு தெரிய, ஆவணி முதல் மார்கழி நடு வரை 824, அதன்பின் 825 கூட்டிக்கொள்ளுங்கள்.

தோப்பு என்றால் வரி இல்லை என்றும் நம்பிவிட வேண்டாம். நாகர்கோவில் எல்லையிலிருந்து 6 கிலோமீட்டருக்குள் இருந்தால் விவசாய நிலத்துக்கும் ஆதாய வரி உண்டு. 10,000 பேருக்கு மேல் உள்ள பேரூராட்சிகளை ஒட்டிய நிலத்துக்கும் இந்தச் சிக்கல் உண்டு; அவையும் இங்கே நெருக்கமாக இருக்கின்றன.

குழித்துறை, வழக்கறிஞர்:

ஆடிட்டர் சார், சொல் எனக்கும் சம்மதம். ஆனால் வரையறையில் ஒரு நிபந்தனை சேர்க்காமல் விடாதீர்கள். பத்திரத்தில் 'ஜீவனாம்சத்துக்கு ஈடாக' என்று எழுதிவிட்டால் அது தானமில்லை, பிரதிபலன் (பதிலுக்கு ஒரு பயன்) பெற்ற கைமாற்றம் என்று அதிகாரி வாதிட இடம் கிடைக்கிறது. அது நின்றால் ஆதாய வரி அந்த ஆண்டிலேயே கணவர் தலையில் விழும். தாத்தாவின் விலையும் மனைவிக்கு வந்து சேராது. இந்த ஒரு வரியைப் பத்திரம் எழுதும்போதே இரு தரப்பும் உட்கார்ந்து பேசியாக வேண்டும்.

நாளும் முக்கியம். மணமுறிவுத் தீர்ப்புக்கு முன் என்றால் அவர் இன்னும் மனைவி. தமிழ்நாட்டில் குடும்ப செட்டில்மெண்டுக்கு முத்திரைத்தீர்வை அதிகபட்சம் 40,000, பதிவுக் கட்டணம் 10,000. தீர்ப்புக்குப் பின் அந்தச் சலுகையைக் கேட்க முடியாது. பிரிந்து வாழும் ஒப்பந்தப்படி கொடுத்தது என்று காட்ட முடிந்தால், அந்த நிலத்து வருமானத்தைக் கணவர் கணக்கில் சேர்க்கவும் மாட்டார்கள்.

தக்கலை, ஆவண எழுத்தர்:

அப்படியானால் பட்டியலில் சொல்லும் விளக்கமும் இப்படி இருக்கட்டும்: 'வழிவந்த அடக்கவிலை: வாரிசுரிமை, உயில், பிரதிபலனற்ற தானம் இவற்றால் சொத்து கைமாறும்போது, அதற்கு முன் வேறு வழியில் அதை அடைந்த கடைசி உடைமையாளருக்கு ஆன விலை, 2001 ஏப்ரல் 1க்கு முன் அடைந்ததானால் அந்நாளின் மதிப்பையும் தேர்ந்துகொள்ளலாம்.' ஆட்சேபணை இருந்தால் எழுதுங்கள்.