எலிகளைக் காட்சிக்கு வைத்த போதகர்

வாஷிங்டனில் இருந்த மூன்று ஆண்டுகளில், ஊரிலிருந்து வந்த உறவினர்களுக்கு நகர நடுவிலுள்ள நேஷனல் மால் திடலின் அருங்காட்சியகங்களைச் சுற்றிக்காட்டிக் கால் தேய்ந்ததுதான் மிச்சம். அனகோஸ்தியா ஆற்றைத் தாண்டி அந்தப் பக்கம் போனதே இல்லை. "அங்கே எதற்கு?" என்று கேட்டவர்கள்தான் அதிகம். கிளம்புவதற்கு முந்தைய மாதம்தான் அங்கேயுள்ள அனகோஸ்தியா சமூக அருங்காட்சியகத்துக்குப் போனேன்.

உள்ளே பார்த்ததைவிட, திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் கேட்டதுதான் நினைவில் நிற்கிறது. மடியில் காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, "நாங்கள் சிறுவயதில் போனது இந்தக் கட்டடம் அல்ல, மூடிப்போன சினிமா கொட்டகை" என்றார். 1890களின் மளிகைக்கடையை அப்படியே அங்கே அமைத்திருந்தார்களாம். தண்ணீர்ப் பம்பை அடிக்கலாம், வெண்ணெய் கடையலாம், யாரும் அதட்டமாட்டார்கள். சொல்லும்போதே அவர் வலது கை மேலும் கீழும் பம்பு அடித்துக்கொண்டிருந்தது. பஸ் வந்த பிறகும் நிறுத்தவில்லை.

*

அந்தக் கொட்டகையின் பெயர் கார்வர் தியேட்டர். அமெரிக்காவின் தேசிய அருங்காட்சியகங்களை நடத்தும் ஸ்மித்சோனியன் நிறுவனம் 1967 செப்டம்பரில் அதை அருங்காட்சியகமாகத் திறந்தபோது, பொறுப்பேற்ற ஜான் கினார்டுக்கு வயது 30. அருங்காட்சியக வேலையில் அனுபவம் துளியும் இல்லாத போதகர். அதுவே நல்லதாகப் போயிற்று என்பேன். படித்துவிட்டு வந்தவராக இருந்தால் எலிகளை உள்ளே விட்டிருப்பாரா?

ஆம், உயிருள்ள எலிகள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு எலிக்கடி அன்றாடப் பேச்சு. வேறொருவராக இருந்தால் சுகாதாரத் துறைக்குக் கடிதம் எழுதிவிட்டு மறந்திருப்பார். கினார்ட் 1969இல் எலியையே கண்காட்சியின் பொருளாக்கினார்: எலி எங்கே பெருகுகிறது, எந்த நோயைக் கொண்டுவருகிறது, எப்படி ஒழிப்பது. தலைப்பிலேயே அதை மனிதன் வரவழைத்துக்கொண்ட தொல்லை என்றார்கள்.

என் மகளிடம் இதைச் சொன்னேன். அப்போது எங்கள் குடியிருப்பின் குப்பைத்தொட்டியருகே பெருச்சாளி ஓடும். அவள் மாடியிலிருந்து இறங்கவே பயப்படுவாள். "அப்படியானால் நம் பெருச்சாளியையும் கொடுத்திருக்கலாமே" என்றாள். அடுத்த வாரம் பள்ளியில் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போனாள், படத்துடன். வால் மட்டும் அரைப் பக்கம்.

*

எலியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதற்கடுத்து கினார்ட், வாஷிங்டன் கைதிகளை அடைத்துவைத்த லார்டன் சிறைச்சாலையைப் பற்றியும் கண்காட்சி வைத்தார். அதை யாரும் சொல்வதில்லை. அந்தப் பகுதியில் எத்தனையோ வீடுகளில் யாராவது ஒருவர் சிறைக்குப் போய்வந்திருப்பார். எலியைக் காட்டுவதைவிட அதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும் என்பது என் கட்சி.

எனக்கு ஒரு குறையும் உண்டு. 1987இல் அருங்காட்சியகம் கொட்டகையை விட்டு, மேட்டின் மேலிருக்கும் ஃபோர்ட் பிளேஸ் தெருவுக்கு மாறியது. மெட்ரோ நிலையத்திலிருந்து நான் நடந்தே போனேன். மேடு ஏறி ஏறி மூச்சு வாங்கிவிட்டது. இடம் அழகுதான், சுற்றிலும் மரங்கள். ஆனால் கடைக்குப் பால் வாங்கப் போகிற பையன் போகிற போக்கில் எட்டிப்பார்க்கக்கூடிய கொட்டகைக்கு ஈடாகுமா? கினார்ட் அந்தப் புதுக் கட்டடத்தில் இரண்டே ஆண்டுகள்தான் இருந்தார். 1989 ஆகஸ்டில், 52 வயதில் இறந்துபோனார்.

நான் போன அன்று மதியம், மேட்டின் மேல் என்னைத் தவிர நான்கே பேர். வாசலில் இருந்த காவலாளி தண்ணீர் கொடுத்துவிட்டு, "கீழிருந்து நடந்தா வந்தீர்கள்?" என்று கேட்டுச் சிரித்தார்.