மறு: ‘பெரிப்ரொசீஜரல் ஸ்ட்ரோக்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புடையீர், வணக்கம்.

மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் கழுத்துத் தமனியின் சுருக்கம் பற்றிய நோயாளர் கையேட்டை மொழிபெயர்க்க எடுத்தபோது, ஒரே சொல்லில் இத்தனை நாள் நின்றுவிடுவேன் என்று நினைக்கவில்லை. தமனியைத் திறந்து அடைத்திருக்கும் கொழுப்புப் படிவை எடுத்தாலும் சரி, தமனியை விரித்துத் தாங்கும் வலைக்குழாயான ஸ்டென்ட் வைத்தாலும் சரி, அந்தச் சிகிச்சை நடக்கும்போதோ அதைத் தொடர்ந்த 30 நாட்களுக்குள்ளோ வரும் பக்கவாதம்: இதுதான் பெரிப்ரொசீஜரல் ஸ்ட்ரோக். இதற்குத் தமிழ்ச் சொல் தேடி நம் குழுவின் மடல் இழையில் வந்த எல்லா மடல்களையும் படித்தேன். முதலில் இதற்குப் பதில் சொல்கிறேன்:

> ‘அறுவைக்குப் பிந்தைய பக்கவாதம்’ என்று எழுதிவிட்டுப் போகலாமே. எல்லாருக்கும் புரியும்.

ஐயா, நீங்கள் எப்போதும் எளிய சொல்லின் பக்கம் நிற்பவர், நானும் அப்படித்தான். ஆனால் இந்த இடத்தில் அந்தச் சொல் தவறாகப் புரியும். எங்கள் வீட்டிலேயே அப்படிப் புரிந்தது.

என் அண்ணனுக்கு அப்போது 66 வயது. ஒரு நாள் காலை காபி டம்ளரை வலது கையில் எடுத்தவர் அப்படியே நழுவவிட்டார். குனிந்து எடுக்கப் பார்த்தார், விரல்கள் மடங்கவில்லை. என்னவோ சொல்ல வந்தார்; சொல் குழறியது. கால் மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. தரையைத் தானே துடைத்துவிட்டு இன்னொரு காபி கேட்டார். அண்ணிதான் விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். ஸ்கேனில் இடது கழுத்துத் தமனியில் 80 சதவீதச் சுருக்கம். ஒரு வாரத்துக்குள் அறுவை என்று முடிவாயிற்று.

முந்தைய இரவு ஒப்புதல் படிவம் வந்தது. அதில் ஒரு வரி: ‘அறுவை சிகிச்சைக்குப் பின் பக்கவாதம் வர வாய்ப்புண்டு.’ அண்ணன் அதை வாய்விட்டுப் படித்தார். “பின்னால் என்றைக்கோ வருவதற்கு இன்றைக்கு என்ன? வயதானால் யாருக்கும் வருவதுதானே” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். மேசையிலேயே வரலாம், மறுநாள் விடிவதற்குள் வரலாம், எதைத் தடுக்கப் போகிறோமோ அதையே இந்த அறுவை கொண்டுவந்துவிடலாம் என்பது அந்த வரியிலிருந்து அவருக்கு எட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் எட்டவில்லை. நான் பிழைப்புக்கே மொழிபெயர்ப்பவன்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. கழுத்து நரம்பு ஒன்று சற்றே அழுந்தியதால் ஆறு வாரம் குரல் கம்மியிருந்தது, அவ்வளவுதான். எல்லாம் தெரிந்திருந்தாலும் அவர் கையெழுத்துப் போட்டிருப்பார், போட வேண்டியதும்தான். அப்படியொரு எச்சரிக்கைத் தாக்கு வந்து, தமனி 70 சதவீதத்துக்கு மேல் சுருங்கியவர்களை ஆராய்ந்த வட அமெரிக்க நாஸெட் ஆய்வு 1991இல் வெளிவந்தது. மருந்து மட்டும் எடுத்தவர்களில் இரண்டு ஆண்டுகளுக்குள் அந்தத் தமனிவழியே பக்கவாதம் வந்தவர்கள் 26 சதவீதம்; அறுவை செய்துகொண்டவர்களில் 9 சதவீதம். அறுவையை ஒட்டியே வந்த பக்கவாதங்களும் அந்த 9க்குள் அடக்கம். அதே ஆய்வில் முதல் 30 நாட்களில் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தவர்கள் 5.8 சதவீதம். முன்கூட்டியே ஒரு விலை கொடுத்து, பின்னால் வரவிருக்கும் பெரிய இழப்பைத் தவிர்க்கிறோம். அந்த விலைக்குத்தான் இன்று பெயர் தேடுகிறோம். அதை மழுப்பும் பெயர் நமக்கு வேண்டாம்.

‘பிந்தைய’ என்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கையேட்டின் ஆறாம் பக்கத்துக்கு வந்தபோதுதான் அது எனக்கே உறைத்தது. அங்கே ஸ்டென்ட்டையும் அறுவையையும் ஒப்பிட்ட கிரெஸ்ட் ஆய்வு வருகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 2,502 பேர். 2010இல் வெளியான முடிவுகள். முதலில் எல்லாவற்றுக்கும் ‘பிந்தைய’ போட்டு மொழிபெயர்த்திருந்தேன். முதல் பத்தி, ‘பிந்தைய பக்கவாதம் ஸ்டென்ட் வைத்தவர்களில் அதிகம்’ என்றது. அடுத்த பத்தி, ‘பிந்தைய பக்கவாதம் இரு தரப்பிலும் ஏறக்குறைய சமம்’ என்றது. ஒரே பக்கத்தில் ஒன்றுக்கொன்று முரண். மூலத்தில் முரணே இல்லை. சிகிச்சையை ஒட்டி வந்தவை ஸ்டென்ட்டில் 4.1, அறுவையில் 2.3 சதவீதம். அந்தக் கட்டம் கழிந்து, நான்கு ஆண்டு வரை அதே தமனிவழியே வந்தவை 2.0, 2.4. முதல் மாதத்தைத் தாண்டிவிட்டால் இரண்டு சிகிச்சையும் ஏறக்குறைய ஒரே அளவு காக்கின்றன. வேறுபாடு முழுவதும் வாசலில்தான் இருக்கிறது. வாசலுக்கும் வீட்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் எப்படி?

(முதல் மாதத்தில் மாரடைப்பு நேர் எதிராக இருந்தது: ஸ்டென்ட்டில் 1.1, அறுவையில் 2.3. வயதும் கணக்கில் வருகிறது. சுமார் 70க்கு மேல் போகப் போக அறுவையே நல்ல விளைவு தந்தது. கையேட்டில் இவற்றுக்குத் தனிப் பத்தி இருக்கிறது.)

அடுத்து, ஆங்கிலச் சொல்லின் முன்னொட்டான ‘பெரி’ (சுற்றி) என்பதற்கு ‘சூழ்’ போட்டு ‘சிகிச்சைச்சூழ் பக்கவாதம்’ என்ற முன்மொழிவு. பல்லைச் சுற்றிய திசுவுக்கும் இதயத்தைச் சுற்றிய உறைக்கும் ‘சூழ்’ நன்றாகவே பொருந்துகிறது, அவை இடம். தமிழில் கடல் நிலத்தைச் சூழும், கூட்டம் ஆளைச் சூழும். நாட்கள் ஒரு நிகழ்ச்சியைச் சூழ்ந்து நிற்பதில்லை. படிப்பவர் மனத்தில் படமே எழாத சொல் நிலைக்காது.

‘முப்பது நாள் பக்கவாதம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். துல்லியம்தான். ஆனால் மருத்துவமனைக் கட்டிலில் இருப்பவர் கையில் கொடுக்கும் தாளில் ‘முப்பதாம் நாள்’ என்ற பேச்சு வந்தால் நம் வீடுகளில் எதை நினைப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

‘சிகிச்சைவழி மூளைப் பாதிப்பு’ என்பதை மருத்துவர் அம்மா மறுத்தது சரியே. இதே இரு சிகிச்சைகளையும் ஒப்பிட்ட, 2010இல் வெளியான ஐசிஎஸ்எஸ் ஆய்வின் ஒரு பகுதியில் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். ஸ்டென்ட் வைத்தவர்களில் 50 சதவீதத்தினரிடமும் அறுவை செய்துகொண்டவர்களில் 17 சதவீதத்தினரிடமும் மூளையில் புதிய புள்ளிகள் தெரிந்தன. அவர்களில் பெரும்பாலோருக்குக் கையும் காலும் பேச்சும் நன்றாகவே இருந்தன. அந்தப் புள்ளிகளையும் பக்கவாதத்தையும் ஒரே சொல்லில் போட்டுக் கட்டக் கூடாது.

எனக்கு மிகவும் பிடித்த முன்மொழிவு நெல்லையிலிருந்து எழுதிய செவிலியர் அம்மாவுடையது:

> நம்மிடம் ‘பேறுகாலம்’ இருக்கிறதே. பிரசவத்துக்குச் சற்று முன், பிரசவம், பின் என்று மூன்றையும் அது பிடித்துவிடுகிறது. அதே அச்சில் ‘அறுவைக்காலப் பக்கவாதம்’ என்று வார்க்கலாமே?

இதைப் படித்துவிட்டு எழுந்து கொஞ்ச நேரம் நடந்தேன். புதிதாக ஆக்குவதற்கு முன் நம் வீட்டுச் சொற்களிலேயே எவ்வளவு ஆயத்தமாக இருக்கிறது! ‘அறுவைக்காலம்’ பெரியாப்பரேட்டிவ் என்பதற்கு இனி என் சொல். அறுவைக்கால இரத்தப்போக்கு, அறுவைக்கால மயக்கமருந்துக் கவனிப்பு என்று எழுதிப் பார்த்தேன், எங்கும் இடறவில்லை. ஆனால் ஸ்டென்ட் வைப்பது அறுவை இல்லையே. தொடையிலோ மணிக்கட்டிலோ ஊசித்துளை போட்டு, மகாதமனியின் வளைவு வழியாகக் கம்பியைக் கழுத்துவரை ஏற்றுகிறார்கள். ‘சிகிச்சைக்காலம்’ என்று மாற்றினால், மாத்திரை சாப்பிடும் ஆண்டுகளும் அதற்குள் வந்துவிடும்.

ஆகவே நான் முன்வைப்பது: சிகிச்சையொட்டிய பக்கவாதம்.

‘பொங்கலையொட்டிச் சிறப்புப் பேருந்துகள்’ என்று நாளிதழில் படிக்கிறோம். அந்தப் பேருந்துகள் பண்டிகைக்கு முன்பே ஓடத் தொடங்கும், அன்றும் ஓடும், ஊர் திரும்புகிறவர்களுக்காக அதன் பின்னும் ஓடும். யாரும் விளக்கம் கேட்பதில்லை. முன், நடுவே, பின் மூன்றையும் ‘ஒட்டி’ ஏற்கனவே சுமக்கிறது. காலத்தில் நெருக்கம் என்பதோடு தொடர்பும் அதில் தொனிக்கிறது. ஆனால் ‘இதனால்தான்’ என்று தீர்ப்புச் சொல்வதில்லை. இது முக்கியம். ஆய்வுகளில் அந்த 30 நாட்களுக்குள் வந்த பக்கவாதம் ஒவ்வொன்றையும் கணக்கில் சேர்க்கிறார்கள், காரணம் எதுவானாலும். தமனியைக் கவ்வி அடைத்த நேரத்தில் மூளைக்கு இரத்தம் குறைந்து வந்திருக்கலாம். படிவின் துணுக்கு உடைந்து மேலே போயிருக்கலாம். ஸ்டென்ட்டில் பலூனை விரிக்கும்போது இது நேரும் என்பதற்காகவே மேலே குடைபோல வடிகட்டி ஒன்றை விரித்து வைக்கிறார்கள். சுத்தம் செய்த உட்சுவரில் முதல் சில மணி நேரத்தில் இரத்தம் உறைந்திருக்கலாம். சில நாள் கழித்து வேறுவிதமாகவும் வரும்: நெடுநாள் வறண்டிருந்த வாய்க்காலில் திடீரென்று முழு மடையும் திறந்ததுபோல் இரத்தம் பாய்ந்து, தலைவலி, வலிப்பு, சிலருக்கு மூளைக்குள் கசிவு. வீட்டுக்குப் போன பிறகும் இரத்த அழுத்தத்தைக் கவனிக்கச் சொல்வது இதற்காகத்தான். இத்தனையையும் ‘சிகிச்சையால் வந்த’ என்று சொன்னால் மிகை. ‘பிந்தைய’ என்று சொன்னால் குறை.

யாழ்ப்பாணத்து நண்பருக்கு: தமனி உங்களுக்கு நாடி, பக்கவாதம் உங்களுக்குப் பாரிசவாதம், அறுவை சிகிச்சை உங்களுக்குச் சத்திரசிகிச்சை. ஆனாலும் ‘சிகிச்சை’ இரு கரைக்கும் பொது. ‘சிகிச்சையொட்டிய பாரிசவாதம்’ என்று நீங்கள் தடங்கலின்றி எழுதிக்கொள்ளலாம். ‘அறுவையொட்டிய’ என்று வைக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஸ்டென்ட்டுக்குத் தமிழ் கேட்டவர்களுக்கு ஒரு வரி: அது சார்ல்ஸ் ஸ்டென்ட் என்ற 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பல் மருத்துவரின் பெயர். ஆள் பெயரைப் பெயர்க்க வேண்டாம். ‘கரோட்டிட்’ கிரேக்கத்தில் மயக்கத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அந்தத் தமனிகளை அழுத்தினால் ஆள் மயங்குவான் என்று கண்டதால் இட்ட பெயர். ‘மயக்கத் தமனி’ என்றால் இன்று யாருக்கும் உதவாது. கழுத்துத் தமனி என்றே வைத்திருக்கிறேன். கழுத்தின் பின்புறம் எலும்புவழி ஏறும் தமனியோடு குழம்பக்கூடிய இடத்தில் மட்டும் கரோட்டிட் தமனி.

இழையில் யாரும் தொடாத ஒன்று என்னை இரண்டு நாள் உறங்கவிடவில்லை: இப்ஸிலாடரல் ஸ்ட்ரோக். எங்கும் ‘அதே பக்க’ என்றுதான் பெயர்க்கிறார்கள். ‘அதே பக்கப் பக்கவாதம்’! நம் சொல்லில் உள்ள ‘பக்கம்’ உடம்பின் பக்கம். மூலச் சொல்லில் உள்ள பக்கமோ தமனியின் பக்கம், அது ஊட்டும் மூளையின் பக்கம். இடது தமனியில் கோளாறென்றால் விழுவது வலது கை. என் அண்ணன் டம்ளரை விட்டது வலது கையால். கண் மட்டும் விலக்கு. இடது தமனித் துணுக்கு இடது கண்ணில்தான் திரை இறக்கும். இடப்பக்கத் தழும்போடு வீடு திரும்பியவர் ‘அதே பக்க’ என்று படித்துவிட்டு இடது கையையே கவனித்துக்கொண்டிருந்தால், வலது கை மரத்ததும் “இது வேறு ஏதோ” என்று படுத்துவிடுவார். இது சொல் அழகு பற்றிய விவாதம் இல்லை. ‘அத்தமனிவழிப் பக்கவாதம்’ என்று வைத்திருக்கிறேன். கையேட்டில் முதல் முறை வரும் இடத்தில் எந்தக் கை, எந்தக் கண் என்று விரித்தே எழுதிவிட்டேன்.

‘ரிஸ்க்’ என்பதற்கு எழுதும் ‘வாய்ப்பு’ பற்றியும் சொல்லிவிடுகிறேன். வேலைக்கும் மழைக்கும் இருப்பது வாய்ப்பு. பக்கவாதத்துக்கு இருப்பது இடர். ‘ஆபத்து’ மிரட்டுகிறது. ‘அவுட்கம்’ என்பதற்குப் ‘பலன்’ வேண்டாம், ‘சிகிச்சை பலனின்றி’ என்று எதைப் படிக்கிறோம் என்று உங்களுக்கே தெரியும். ‘விளைவு’ போதும்.

ஆக, அந்தப் பழைய ஒரு வரிக்குப் பதிலாக நான் எழுதியிருப்பது:

‘இந்தச் சிகிச்சை பிற்காலப் பக்கவாதத்தைத் தடுப்பதற்காக. ஆனால் சிகிச்சையின்போதோ அதைத் தொடர்ந்த 30 நாட்களிலோ பக்கவாதம் வரும் இடரும் உண்டு. இதைச் சிகிச்சையொட்டிய பக்கவாதம் என்கிறோம். எச்சரிக்கை அறிகுறி ஏற்கனவே வந்தவர்களில், சிகிச்சையொட்டிய பக்கவாதமும் மரணமும் சேர்ந்து 100 பேரில் 6 பேருக்கு மேல் போகக் கூடாது; அறிகுறியே இல்லாதவர்களில் 3 பேருக்கு மேல் போகக் கூடாது என்பது மருத்துவ வழிகாட்டுதல்களில் நிலைபெற்ற அளவு. உங்கள் மருத்துவமனையில் இந்த எண் எவ்வளவு என்று நீங்கள் கேட்கலாம்.’

கடைசி வாக்கியம் மூலத்தில் இல்லை. கையேட்டை வெளியிடுகிறவர்களிடம் கேட்டுச் சேர்த்தேன். ஒரு சொல் இருந்தால்தானே அந்தக் கேள்வியைக் கேட்க முடியும்?

வெள்ளிக்கிழமை மெய்ப்புத் திருத்தம் முடிகிறது. ‘சிகிச்சையொட்டிய’ என்பதில் ஒற்றோ புணர்ச்சியோ உறுத்தினால் அதற்குள் எழுதுங்கள். செவிலியர் அம்மா, நீங்கள் வார்டில் இரண்டு பேரிடம் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டி, எந்தச் சொல்லில் அவர்கள் நிறுத்திக் கேட்கிறார்கள் என்று சொன்னால், இங்கே நாங்கள் எழுதும் பத்து மடல்களைவிட அது எனக்கு உதவும்.

அன்புடன்.