புதுப்பிப்பு: பெங்களூருக்குப் போன தோரன்ஸ் வீடு திரும்பியது

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன். மாமா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து எனக்குக் கொடுத்த தோரன்ஸ் டிடி 160 ரெக்கார்ட் பிளேயர் மெதுவாகச் சுற்றுகிறது, எந்த இசைத்தட்டைப் போட்டாலும் பாடகருக்குத் தொண்டை கட்டியது போல இருக்கிறது என்று. பெல்ட்டை மாற்றச் சொன்னீர்கள். மாற்றினேன், பயனில்லை. கூரியரில் அனுப்பாதே என்றும் சிலர் சொன்னீர்கள். வேறு வழியில்லாமல் பெங்களூரில் இருக்கும் மெக்கானிக்குக்கு அனுப்பிவிட்டேன்.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். மோட்டாரில் பழுதே இல்லை. அது மின்சாரத்தின் ஹெர்ட்ஸை, அதாவது நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்பதைப் பின்பற்றிச் சுற்றும் சின்க்ரனஸ் மோட்டார். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. நான் வாங்கி வைத்த டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை அது தொடாது. அதனால் 33⅓ சுற்ற வேண்டிய தட்டு நிமிடத்துக்கு 27.8 தான் சுற்றியிருக்கிறது! மெக்கானிக் 50 ஹெர்ட்ஸுக்கான சற்றுப் பெரிய புல்லியை (மோட்டாரில் பெல்ட் ஓடும் சின்னச் சக்கரம்) போட்டு, பேரிங்கைத் துடைத்து எண்ணெய் விட்டார். அவ்வளவுதான்.

அனுப்பும்போது இசைத்தட்டை வைக்கும் சுழல்தட்டு, ஊசிக்கையின் பின்னால் இருக்கும் எதிர் எடை, ஊசி பொருத்திய கார்ட்ரிட்ஜ் மூன்றையும் கழற்றித் தனித்தனியாகச் சுற்றினேன். உள் சட்டம் மூன்று ஸ்பிரிங்கில் தொங்குவதால் அது ஆடாமல் ஃபோம் வைத்தேன். அதெல்லாம் பத்திரம். திரும்பி வரும்போதுதான் பெட்டியை எங்கேயோ போட்டிருக்கிறார்கள், மேல்மூடியின் கீல் ஒன்று உடைந்துவிட்டது. இழப்பீட்டுக்கு எழுதியிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.

மூடியில்லாமலேயே நேற்று ராத்திரி இரண்டு மணி வரை ஓடியது.