மறு: காலனிகள் விடுபட்டதற்கு ஒரு சொல் (திங்களுக்குள் வேண்டும்)

பள்ளத்தூர் ஆசிரியை எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான வரலாற்றுத் துணைநூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். கடைசி அத்தியாயத்துக்குத் தலைப்பு அமையவில்லை. 1945க்குப் பிறகு முப்பது ஆண்டுகளில் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் ஒவ்வொன்றாகப் பேரரசுகளிடமிருந்து விடுபட்ட கதை. அது முழுவதற்கும் ஆங்கிலத்தில் ‘டீகாலனைசேஷன்’ என்கிற மாதிரி ஒரே பெயர் தேவை. ‘காலனி நீக்கம்’ என்று கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன். பாதிப் பேர் ‘காலணி நீக்கம்’ என்று நோட்டில் எழுதிவிட்டார்கள். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி இருக்கிறது. மீதிப் பேருக்குக் காலனி என்றால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற குடியிருப்பு.

புதுவயல்:

குடியேற்ற நீக்கம். இலங்கையில் குடியேற்றநாடு, குடியேற்றவாதம் என்றெல்லாம் எப்போதோ எழுத ஆரம்பித்துவிட்டார்கள். நமக்கு மட்டும் கடன் சொல் எதற்கு?

காரைக்குடி:

அண்ணே, வெள்ளைக்காரன் இந்தியாவில் எங்கே குடியேறினான்? கலெக்டரும் கர்னலும் பென்ஷன் வந்ததும் கப்பலேறிவிட்டார்கள். அமெரிக்காவில் 1776இல் விடுதலையை அறிவித்ததே குடியேறினவர்கள்தான். அங்கே நீக்கப்பட்டது யார்? அல்ஜீரியாவுக்கு வேண்டுமானால் உங்கள் சொல் பொருந்தும். 1954 முதல் 1962 வரை போர். அது முடிந்ததும் ஏறக்குறைய பத்து லட்சம் ஐரோப்பியரில் பெரும்பாலோர் மூட்டை கட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போனார்கள். ஒரு நாட்டுக்குத் தைத்த சட்டையை எல்லாருக்கும் மாட்ட முடியாது.

தேவகோட்டை:

ஆச்சி, வேரைத் தோண்டாமல் சொல் ஆக்கக் கூடாது. லத்தீனில் கொலோனுஸ் என்றால் உழவன். ரோமானியர் பிடித்த நாட்டில் தம் படைவீரர்களுக்கு நிலம் கொடுத்துக் குடிவைத்த ஊர் கொலோனியா. இதன் பக்கத்தில் நம் ‘கொல்லை’யை வைத்துப் பாருங்கள். கலப்பையின் இரும்பு முனையான ‘கொழு’வையும் வையுங்கள். உழவும் நிலமும் எப்படிச் சேர்ந்து நிற்கின்றன! இதைத் தனி மடலில் விரித்து எழுதுகிறேன்.

என் தகராறு ‘நீக்கம்’ மேல். நீங்கு தன்வினை, நீக்கு பிறவினை. நீக்கம் என்றால் நீக்கியவன் யார்? லண்டனிலும் பாரிசிலும் உட்கார்ந்திருந்தவன் பெரிய மனசு பண்ணினான் என்றாகிறது. வியட்நாமின் தியன் பியன் பூவில் 1954 மே 7 அன்று பிரெஞ்சுப் படை வீழ்ந்ததே, அது யார் செய்த நீக்கம்? இந்தோனேசியா 1945 ஆகஸ்ட் 17 அன்று விடுதலையை அறிவித்தது. டச்சுக்காரர் நடுவில் இரண்டு முறை படை நடத்திவிட்டு 1949 டிசம்பர் 27 அன்றுதான் ஒப்புக்கொண்டார்கள். ஆகவே ‘நீங்கல்’ என்பதே சரி. ஐந்தாம் வேற்றுமைக்கே அது ஒரு பொருள். மலையின் வீழருவி. பேரரசின் நீங்கிய நாடு. வள்ளுவரும் ‘யாதனின் யாதனின் நீங்கியான்’ என்கிறார்.

காரைக்குடி:

ஐயா, அது துறவு அதிகாரம். காந்தியும் வியட்நாமின் ஹோ சி மின்னும் துறவா பூண்டார்கள்? கொல்லைக்கும் கொலோனுஸுக்கும் சம்பந்தம் பேச ஒலி ஒற்றுமை மட்டும் போதாது.

நீக்கமும் நடந்திருக்கிறது. பிரிட்டிஷ்காரர் ஆண்ட கோல்ட் கோஸ்டில் விடுதலைத் தலைவர் என்க்ருமா சிறையில் இருந்தபடியே 1951 தேர்தலில் ஜெயித்தார். ஆட்சியைப் படிப்படியாகக் கைமாற்றி 1957 மார்ச் 6 அன்று கானா பிறந்தது. 1960இல் மட்டும் ஆப்பிரிக்காவில் 17 நாடுகள். அவற்றில் பெரும்பாலானவற்றைப் பிரான்ஸ் கையெழுத்துப் போட்டுத்தான் விட்டது.

கானாடுகாத்தான்:

நம் வீட்டுக் கதையை இரண்டு பேருமே விட்டுவிட்டீர்கள். பர்மா 1948 ஜனவரி 4 அன்று விடுதலை பெற்றது. அந்த ஆண்டே நில தேசியமயச் சட்டம் வந்தது. 1930ஐ ஒட்டி நெல் விலை விழுந்தபோது நம் செட்டியார்கள் அங்கே கொடுத்திருந்த கடன் பணமாகத் திரும்பவில்லை, நிலமாக வந்து சேர்ந்தது. அந்தப் பத்தாண்டின் முடிவில் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறையக் கால் பங்கு நிலம் செட்டியார்கள் கையில். எங்கள் ஐயா ரங்கூன் மொகல் தெருவில் செட்டியார்கள் தங்கித் தொழில் நடத்திய கிட்டங்கியில் இருந்தவர். அவர் பேரேட்டில் அந்த நிலமெல்லாம் வரவாகவே நிற்கிறது.

பர்மியக் குடியானவன் வெள்ளைக்காரத் துரையிடமிருந்து மட்டுமா விடுபட நினைத்தான்? பெட்டியடியில் உட்கார்ந்து கடன் கொடுத்த நம் ஆட்களிடமிருந்தும்தான். ‘குடியேற்றம்’ என்று போட்டால் அது முதலில் நம்மைத்தான் சுட்டும். நாமோ குடியேறவும் இல்லை. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்கப் போய் மூன்று வருஷக் கணக்கு முடித்து ஊர் திரும்பிய கூட்டம். போனது வெள்ளைக்காரன் ஆட்சி, வந்தது பர்மியர் ஆட்சி. சொல்லில் ‘ஆட்சி’ இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் யார் எதை விட்டுப் போனார்கள் என்பதே தெரியாது.

புதுவயல்:

ஆட்சி சரி. அதன் முன்னால் காலனி எதற்கு? ‘அயலாட்சி’ என்றால் என்ன குறை?

காரைக்குடி:

சோழன் ஈழத்தை ஆண்டதும் அயலாட்சிதான் அண்ணே. அதையும் இந்த அத்தியாயத்தில் சேர்க்கணுமா?

பள்ளத்தூர் ஆசிரியை:

சேர்க்கவில்லை. நேரமும் இல்லை. ‘காலனியாட்சி நீக்கம்’ என்றே போடுகிறேன். பெரும்பாலோர் அதற்குத்தான் தலையாட்டினீர்கள், சலித்துப் போயாவது. ‘ஆட்சி’யோடு ஒட்டி வருவதால் பிள்ளைகள் காலணி பக்கம் போக மாட்டார்கள். உள்ளே வியட்நாம், இந்தோனேசியா, அல்ஜீரியா வருகிற இடங்களில் ‘போராடி விடுபட்டன’ என்றும், கானா வருகிற இடத்தில் ‘ஆட்சி கைமாறியது’ என்றும் வினையாகவே எழுதிவிட்டேன். பர்மா நிலச் சட்டத்தை ஒரு பெட்டிச் செய்தியாகச் சேர்க்கிறேன்.

தேவகோட்டை:

கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. அச்சாகி வந்ததும் என் பிரதியில் ‘நீக்கம்’ எல்லாவற்றையும் அடித்து ‘நீங்கல்’ ஆக்கிக்கொள்வேன். அப்புறம், 1947 முதல் 1950 வரை இந்தியா ‘டொமினியன்’ (பிரிட்டிஷ் முடியைத் தலைமையாக ஏற்ற தன்னாட்சி நாடு) என்று அப்படியே விட்டிருக்கிறீர்களே ஆச்சி? இலங்கை 1972 வரை அந்த நிலையில்தான் இருந்தது. அதற்கு மூன்று சொற்கள் வைத்திருக்கிறேன். காலையில் எழுதுகிறேன்.