புதுப்பிப்பு: குடோன் முன்னால இருந்த பழைய கான்கிரீட்டை மாத்தியாச்சுங்க

ஈரோட்டுல எங்க மஞ்சள் குடோன் முன்னால லாரி ஏறி உடைஞ்ச தளத்தை மே வெயில்ல பேத்துப் புதுசா போடலாமான்னு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றிங்க.

பிரேக்கர் வெச்சு உடைச்சப்பத்தான் தெரிஞ்சது, தப்பு கான்கிரீட் மேல இல்லை. குழாய்க் கசிவுல அடிமண் அரிச்சு, உள்ளே முழம் ஆழத்துக்குப் பொந்து! கிராவல் கொட்டி ரோலர் ஓட்டவே ரெண்டு நாள் போச்சு.

அப்புறம் 150 மி.மீ. கனத்துல எம்30 (வலுவைக் குறிக்குற தரம்) கான்கிரீட் போட்டோம். "அடியை நனைச்சுட்டு விடியக்காலையில போடுங்க"ன்னு ஒருத்தர் சொன்னதுதான் கைகொடுத்தது. ரெடிமிக்ஸ் (கலந்தே வர்ற கான்கிரீட்) வண்டி தாமதமாகி 11 மணி வெயில்ல போட்ட கடைசிப் பகுதியில மட்டும் மயிரிழை விரிசல். அன்னைக்குச் சாயங்காலமே விரிசல் கண்டபடி ஓடாம இருக்க 40 மி.மீ. ஆழத்துக்கு ஜாயின்ட் (கோடு மாதிரி பள்ளம்) வெட்டி, ஈரச்சாக்கு விரிச்சு 10 நாள் தண்ணி விட்டோம். லாரியை 28 நாள் கழிச்சுத்தான் உள்ளே விட்டேன்.